தானே நடக்கும் ரம்பம்

வண்டி தானாக நடக்கத் தொடங்குகிற அன்றைக்கு மாப்பிள்ளை கிளம்பிவிடுவார். அதை அவரே தன் வாயால் சொல்லிவிட்டார்.

“உங்களைக் கை ஒடிஞ்ச ஆளா விட்டுட்டுப் போக மாட்டேன் மச்சான். வண்டி தானா நகர்ற மாதிரி ஒரு சின்ன மோட்டார் வச்சு வயரிங் பண்ணிக் குடுத்துடுறேன். அப்புறம் எங்க அண்ணன்கிட்ட போயிடுறேன். அங்க ஒரு ஃபேக்டரில எலக்ட்ரீஷியன் வேலை சொல்லி வச்சிருக்காரு.”

ரம்பக்காரர் கொஞ்ச நேரம் மரத்தூளைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார். “அதுக்கென்ன மாப்பிள்ளை, மெதுவாப் பண்ணுங்க. இப்ப என்ன அவசரம்?” என்றார். எந்நேரமும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற மனுஷன் அவர். ஒரு வேலையை மெதுவாகச் செய்யச் சொல்லி அவர் வாயிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவியே ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தாள்.

வண்டி என்று அவர்கள் சொன்னது மரம் அறுக்கிற மெஷினை. கடையில் வாங்கியது அல்ல. பழைய கார்ச் சக்கரம் இரண்டு, உடைத்துப் போட்ட ஷெட்டின் இரும்புச் சட்டங்கள், எங்கோ கழித்துவிட்ட ஒரு பெரிய மோட்டார், இவற்றையெல்லாம் வைத்து ரம்பக்காரர் தன் கையாலேயே பற்றவைத்துச் செய்தது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் பட்டையான ரம்பம் பெல்ட் மாதிரி ஓடும். அந்தச் சட்டம் முழுவதும் இரண்டு இரும்புத் தண்டவாளத்தின் மேல் நிற்கும். நடுவில் மரத்தடியைக் கிடத்தி, சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தள்ளிக்கொண்டே போனால் பலகை விழும். எங்காவது மரம் விழுந்து கிடந்தால் எல்லாவற்றையும் கழற்றி, டயர் மாட்டி, டிராக்டருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம். மற்ற நாளெல்லாம் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும்.

ரம்பத்தைச் சுற்றுவதற்கு மோட்டார் இருந்தது. தள்ளுவதற்கு ஆள்தான் வேண்டும். ஆள் வைத்துப் பார்த்தார். வந்தவனெல்லாம் அவர் வாய்க்குப் பயந்து இரண்டாவது டீக்கு முன்னால் ஓடிப்போனான். கடைசியில் தங்கச்சிதான் வந்து கைப்பிடியைப் பிடித்தாள். “உன் வாய்க்கு நான்தான் லாயக்கு, தள்ளி நில்லு” என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவளும் அவள் புருஷனும் முற்றத்துக்குப் பின்னாலிருந்த இரண்டு அறையில்தான் குடியிருந்தார்கள். புருஷன் வயரிங் வேலைக்குப் போவார். தங்கச்சி வண்டி தள்ளுவாள்.

தள்ளுவது என்றால் சும்மா இல்லை. வேகமாகத் தள்ளினால் ரம்பம் வளைந்து பலகை கோணும். மெதுவாகத் தள்ளினால் ஒரே இடத்தில் தேய்ந்து சூடேறும். மரத்தில் கணு வந்தால் இன்னும் நிதானிக்க வேண்டும். தங்கச்சி அதையெல்லாம் காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். சத்தம் கொஞ்சம் தடித்தால் போதும், அவள் கால் தானாக அடங்கும். தடிக்கு மறுபக்கம் நின்று, ரம்பம் சூடேறாமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிற அண்ணனுக்கு அது பொறுக்காது. “கணு வருதுடி, மெதுவா!” என்று கத்துவார். “எனக்குத் தெரியும், நீ தண்ணியப் பாத்து விடு” என்று பதில் வரும். மறு முனைக்குப் போய்ச் சேர்ந்ததும், “அண்ணா, வந்துட்டேன்!” என்று குரல் கொடுப்பாள். அதன் பிறகுதான் இவர் ரம்பத்தை மேலே தூக்குவார். மர உயரத்துக்கு அந்தப் பக்கம் இவருக்குத் தெரியாது, அவள் குரல்தான் கணக்கு.

அவள் நடந்து நடந்து தண்டவாளத்தை ஒட்டி அவள் பக்கம் மட்டும் மண் குழிந்து ஒரு தடம் விழுந்திருந்தது.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல்தானே என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஒரு பக்கமும் ரம்பக்காரர் ஒரு பக்கமும் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவளுக்கு அது தெரியாது. பிள்ளையில்லை. மாப்பிள்ளையைத் தவிர அவள் மிச்சம் வைத்துப் போனது என்று ரம்பக்காரருக்கு எதுவும் இல்லை.

அதனால்தான் அவசரம் இல்லை என்றார்.

ஆனால் மாப்பிள்ளை கை வைத்தால் வேலை நிற்காது. பழைய பஸ்ஸிலிருந்து ஒரு வைப்பர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் மழைத்தண்ணீரை வழிக்கிற மோட்டார்தான். பார்க்கச் சின்னது, இழுவையில் எருமை. அதில் ஒரு பல்சக்கரம், தண்டவாளம் நெடுகிலும் சைக்கிள் செயின், அதைப் பிடித்துக்கொண்டு வண்டி ஊர்ந்து போகும். தனியாக ஒரு பேட்டரி. வண்டி கிளம்புகிற முனையில் ஒரு கம்பம் நட்டு அதில் ஒரு பெட்டி: முன்னால் போக, பின்னால் வர ஒரு ஸ்விட்ச், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகுக் குமிழ், எல்லாவற்றையும் ஒரே அடியில் நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான். தண்டவாளத்தின் கடைசியில் ஒரு குட்டி ஸ்விட்ச். வண்டி வந்து அதன் நாக்கில் இடித்தால் கரண்ட் நின்றுவிடும், வண்டியும் நிற்கும்.

வயர் தரையில் கிடந்தால் வண்டி ஏறி நசுக்கிவிடும் என்று, மேலே ஒரு கம்பி கட்டி அதில் வளையம் மாட்டி வயரைத் தொங்கவிட்டார். வண்டி போகப் போக வளையங்கள் நகர்ந்து விரிந்தன. ரம்பக்காரர் அண்ணாந்து பார்த்தார். பித்தளை நிறத்தில் பிளாஸ்டிக் வளையம். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பின்னறை ஜன்னலில் தங்கச்சி திரை மாட்டியிருந்த வளையங்கள் அவை. திரையைக் கழற்றி மடித்து வைத்தாயிற்று என்றால் மற்றதெல்லாமும் மடித்து வைத்தாயிற்று என்றுதானே அர்த்தம்.

அன்று மத்தியானம் மாப்பிள்ளை குளிக்கப் போனபோது ரம்பக்காரர் பெட்டியைத் திறந்து ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, கருகிப்போன பழைய ஃப்யூஸ் ஒன்றை அந்த இடத்தில் சொருகினார்.

சாயங்காலம் மாப்பிள்ளை ஸ்விட்சைப் போட்டார். வண்டி கல் மாதிரி நின்றது. “என்ன மாப்பிள்ளை, ஓடலயா?” என்று ரம்பக்காரர் கேட்ட கேள்வியில் கவலையைவிடச் சந்தோஷம்தான் எட்டிப் பார்த்தது. மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். வேறு ஃப்யூஸ் வாங்க வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அடுத்தது ரம்பக்காரர் மோட்டாருக்குப் போகிற வயர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டினார். முன்னால் போ என்றால் வண்டி பின்னால் போனது, பின்னால் வா என்றால் முன்னால் போனது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, “நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்போல” என்றார். அதற்கும் ஒரு நாள் போயிற்று. சைக்கிள் செயின் அறுந்ததற்கு மட்டும் யாரும் காரணமில்லை, அது நிஜமாகவே துருப்பிடித்த செயின்.

சாயங்காலங்களில் ரம்பக்காரர் கை கழுவிக்கொண்டு உள்ளே வரும்போது முற்றத்தில் தங்கச்சியின் குரல் கேட்கும். முதல் தடவை கேட்டபோது செம்பு கையிலிருந்து நழுவிவிட்டது. எட்டிப் பார்த்தால், வண்டி பக்கத்தில் மாப்பிள்ளை ஃபோனை நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு வீடியோவை ஓடவிட்டிருந்தார். தங்கச்சி வண்டி தள்ளுகிற வீடியோ. “எடுக்காதீங்க, மூஞ்சி பூரா தூளு” என்று சிரிக்கிறாள். முடிந்ததும் மறுபடி போடுகிறார். ஒரு கை பெட்டிமேல் இருக்கிறது. மனுஷன் அழட்டும் என்று ரம்பக்காரர் உள்ளே போய்விட்டார். அவருக்கும் அழுகை வந்தது. ஆனால் ஒருவர் அழுவதற்கு இன்னொருவர் சாட்சி நிற்பது அவர்கள் இரண்டு பேருக்கும் பழக்கமில்லை.

பிறகு ஒருநாள் எல்லாம் முடிந்தது. ஃப்யூஸ் சரி, வயர் சரி, செயின் புதுசு. குளித்துவிட்டு வந்து நிஜ மரத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றார் மாப்பிள்ளை. அவருடைய பை ஏற்கெனவே வாசலில் இருந்தது.

ரம்பக்காரர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். பெட்டியை இனித் தொட முடியாது, மாப்பிள்ளை அதற்கு ஒரு பூட்டுப் போட்டிருந்தார். தண்டவாளத்தின் கடைசிக்குப் போய் அந்தக் குட்டி ஸ்விட்சின் மூடியைக் கழற்றினார். உள்ளே இரண்டு திருகு, இரண்டு வயர், ஒன்றுக்கு ஒன்று. மின்சாரத்தையும் அவர் தன்னைப் போலவே நினைத்துவிட்டார். ஒரே நாற்காலியில் இரண்டு பேரை உட்கார வைத்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடும் என்று. இரண்டு வயரையும் ஒரே திருகில் சேர்த்து முறுக்கிக் கட்டி மூடியைப் போட்டார்.

“என்ன பண்றீங்க?” மனைவி பின்னால் நின்றாள்.

“தூசி தட்டுறேன்.”

“ஸ்க்ரூ டிரைவர வச்சா தூசி தட்டுவாங்க?” அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை. “இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கலாம்ல. வாய் என்ன வாடகைக்கா வாங்கியிருக்கு?”

“நான் ஏன் சொல்லணும்? அவருக்கா தோணணும்.”

“ஆமா, தோணும் தோணும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற ஆளு நீங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தடியைக் கிடத்தி இறுக்கினார்கள். பெரிய மோட்டார் ஓடத் தொடங்கியது, ரம்பம் சுற்றியது. “நீங்க பெட்டிகிட்ட நில்லுங்க மச்சான். நான் கடைசில வண்டி சரியா நிக்குதான்னு பாக்குறேன்” என்று மாப்பிள்ளை மறு முனைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். ரம்பக்காரர் ஸ்விட்சைத் தட்டினார். ஓடாது என்று நிம்மதியாகத்தான் தட்டினார்.

வண்டி நடந்தது.

தடிக்குள் ரம்பம் நுழைந்து, தூளைக் கொட்டிக்கொண்டு, யாரும் தள்ளாமல், அது பாட்டுக்கு நடந்தது. ரம்பக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கள்ளனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைத் திறக்கவும் முடியவில்லை. தடி முடிந்தது, பலகை சரிந்தது, வண்டி கடைசிக்கு வந்தது. ஸ்விட்சின் நாக்கில் இடித்தது. நிற்கவில்லை. நாக்கை மடக்கிக்கொண்டு மேற்கொண்டு போனது. அங்கே மாப்பிள்ளை குந்தியிருந்தார், சுற்றுகிற ரம்பத்துக்கு நேராக.

“மாப்பிள்ளை!”

பக்கத்திலேயே சிவப்புப் பொத்தான் இருந்தது. ரம்பக்காரருக்கு அது ஞாபகமே வரவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பிடிதான். தங்கச்சியின் தடத்திலேயே ஓடி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தார். வண்டி இவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் தண்டவாள முனையில் நட்டிருந்த கட்டையில் மோதிச் சாய்ந்தது. ரம்பம் இரும்பில் பட்டு வெடிச் சத்தத்தோடு அறுந்தது. மேலே கம்பியில் வளையங்கள் சடசடவென்று உருண்டன.

பக்கவாட்டில் உருண்டு தப்பிய மாப்பிள்ளை எழுந்து ஓடிப்போய்ப் பொத்தானை அடித்தார். எல்லாம் நின்ற பிறகும் ரம்பக்காரர் கைப்பிடியை விடவில்லை. நின்றுபோன வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருந்தார்.

“விடுங்க மச்சான். நின்னுடுச்சு. எனக்கு ஒண்ணுமில்ல, பாருங்க.” மாப்பிள்ளை அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். அவருடைய முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. பிறகு போய் அந்தக் குட்டி ஸ்விட்சின் மூடியைத் திறந்து பார்த்தார். கோபம் வரும் என்று ரம்பக்காரர் காத்திருந்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“பிரிக்கிறதுக்குத்தான் மச்சான் இந்த ஸ்விட்சே இருக்கு. வண்டி வந்து இடிச்சா இது ரெண்டு வயரையும் பிரிக்கணும். பிரிச்சாத்தான் நிக்கும். நீங்க ரெண்டையும் ஒண்ணாக் கட்டிட்டீங்க.”

“ஓடாதுன்னு நெனச்சேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஃப்யூஸ் போன அன்னைக்கே தெரியும். நீங்க தொட்ட திருகு எல்லாத்துலயும் மரப்பிசின். இந்த வீட்டுல பிசின் கை வேற யாருக்கு இருக்கு?”

ரம்பக்காரர் தன் கையைப் பார்த்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகமே இருட்டு என்று நினைத்த மாதிரி, இத்தனை நாளும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்திருக்கிறார். “அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

மாப்பிள்ளை வயரைப் பிரித்து அதனதன் திருகில் மாட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “நீங்க கழட்டிக்கிட்டே இருந்தா நானும் மாட்டிக்கிட்டே இருந்துடலாம்னு பாத்தேன்.”

அதைக் கேட்டதும் அந்தப் பெரிய மனுஷன் பலகைமேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். இத்தனை நாள் வராத வார்த்தை அப்போதுதான் வந்தது. “அப்ப இருங்களேன் மாப்பிள்ளை. போகாதீங்க. நீங்களும் போயிட்டா அவ இங்க இருந்தாங்கிறதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா?”

மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். “முடியல மச்சான். காலைல கதவத் திறந்தா அந்தத் தடம்தான் தெரியுது. மழை பேஞ்சா அதுல மட்டும் தண்ணி நிக்குது. மத்தவங்க முன்னாடி நான் சமாளிச்சுடுறேன், உங்க முன்னாடிதான் முடியல. நீங்க என்னப் பாக்குறப்பல்லாம் எனக்குப் பின்னாடி இன்னொருத்தி வர்ற மாதிரியே பாக்குறீங்க. நானும் திரும்பிப் பாத்துடுறேன்.”

ரம்பக்காரர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுகூட.

மறுநாள் காலையில் இரண்டு பேருமாகப் புது ரம்பம் மாட்டினார்கள், சாய்ந்த சட்டத்தை நிமிர்த்தினார்கள், வளையங்களைக் கோத்தார்கள். மாப்பிள்ளை அந்த முனை ஸ்விட்சைக் கையால் தட்டித் தட்டி, வண்டி நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு பெட்டியின் சாவியை ரம்பக்காரர் கையில் வைத்து, வேகத் திருகைக் காட்டினார். குமிழைச் சுற்றி எழுதியிருந்த எண்களுக்கு நடுவே, எந்த எண்ணிலும் சேராத ஓர் இடத்தில், சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. நகப்பூச்சு.

“சாதாரண மரத்துக்கு இந்தப் புள்ளில வச்சுக்குங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

“இது என்ன கணக்கு மாப்பிள்ளை?”

“அவ நடை.” மாப்பிள்ளை அந்தப் புள்ளியை விரலால் தொட்டார். “வீடியோவ ஓடவிட்டு அதோட சேந்து வண்டிய ஓடவிட்டுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணாப் போற வரைக்கும் திருகிட்டே இருந்தேன். கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். ஆனா அவ நடைதான்.”

பஸ் ஏற்றிவிட ரம்பக்காரரே போனார். பேட்டரிக்கு மாதம் ஒரு தடவை தண்ணீர் பார்க்கச் சொன்னார் மாப்பிள்ளை. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார் இவர். பஸ் திரும்பி மறைந்த பிறகும் ரம்பக்காரர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தார்.

வீட்டில் தடி கிடந்தது. வாடிக்கைக்காரர் பலகைக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அறுக்காமல் என்ன செய்வது? ரம்பத்தை ஓடவிட்டார், குமிழைப் புள்ளியில் வைத்தார், ஸ்விட்சைத் தட்டினார். பிறகு வழக்கம்போலத் தன் பக்கம் போய்த் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மர உயரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வண்டி வருவது மட்டும் தெரிந்தது. வேகமும் இல்லை, மெதுவும் இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு ஒருத்தி அந்தப் பக்கம் நடந்து வந்தால் எப்படி வருமோ அப்படியே வந்தது. அவர் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து விட்டார்.

தடியின் பாதியில் சத்தம் தடித்தது.

“கணு வருதுடி, மெதுவா!”

வண்டிக்குக் காது இல்லை. அதே நடையில் போனது. ரம்பம் கிறீச்சிட்டு வளைய ஆரம்பித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. குழாயைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குமிழைத் திருகிக் குறைத்தார். வண்டி தயங்கித் தயங்கிக் கணுவைத் தாண்டியது. மறுபடியும் குமிழைத் திருப்பி அந்தச் சிவப்புப் புள்ளியில் கொண்டுவந்து நிறுத்தினார். தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

வண்டி கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்விட்ச் டிக்கென்றது. சொன்ன இடத்தில், சொன்னபடி நின்றது.

ரம்பம் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அதை மேலே தூக்க வேண்டும், வண்டியைப் பின்னால் கொண்டுவர வேண்டும், அடுத்த பலகைக்கு இறக்க வேண்டும். அவர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகி முற்றத்தில் ஓடி, அந்தப் பக்கத்துத் தடத்தில் போய் நிரம்பியது.

சத்தம் ஒரே மாதிரி வெகுநேரம் கேட்கிறதே என்று மனைவி வந்து பார்த்தாள். அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

“என்னங்க, வண்டி அப்பவே நின்னுடுச்சே. ரம்பத்தத் தூக்கலயா?”

“இரு” என்றார். “அவ இன்னும் சொல்லல.”